சூப்பர்சார்ஜர் காருக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் கூலன்ட்டும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும், அழுத்தும்போது காற்று சூடாகும், அதைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்; அந்தத் தண்ணீரை ஆற வைக்கும் தனி ரேடியேட்டர்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதன் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டப் போகிறீர்கள்? நேர்கோட்டில் கால் மைல் ஓட்டம் (டிராக் ரேஸ்) என்றால் 12, 13 விநாடியில் வேலை முடிந்துவிடும். ரேஸ் சர்க்யூட்டில் இறங்கினால் ஒரு செஷன் 20 நிமிடம். இந்த இரண்டுக்கும் ஒரே சாமான் சரிவராது. "அண்ணா, எது பெருசோ அதையே வாங்கிடலாமா?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்.

நான் இருப்பது டாலஸ் பக்கம், இர்விங்கில். வைத்திருப்பது 2003 ஃபோர்டு எஸ்விடி மஸ்டாங் கோப்ரா. 4.6 லிட்டர் வி8, அதன் மேல் ஈட்டன் எம்112 ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், சுமார் 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம்), ஃபேக்டரிக் கணக்கில் 390 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜருக்கு நேர் கீழே, இன்ஜினின் இரண்டு வரிசைகளுக்கு நடுவில், அழுத்திய காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று தனி டேங்க், தனி எலக்ட்ரிக் பம்ப், முன் பம்பருக்குப் பின்னால் தனி ஹீட் எக்ஸ்சேஞ்சர். இன்ஜின் கூலன்ட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஷெல்பி ஜிடி500, காடிலாக் சிடிஎஸ்-வி போன்றவற்றிலும் அடிப்படை இதேதான். எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது. சில கார்களில் மட்டும் இன்டர்கூலர் தண்ணீரும் இன்ஜின் கூலன்ட்டும் ஒரே டேங்க்கைப் பகிர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட காரில் நான் கீழே கூலன்ட் பற்றிச் சொல்வதைச் செய்ய வேண்டாம், கம்பெனி சொன்ன கலவையிலேயே இருங்கள்.

எவ்வளவு வெப்பம் என்று முதலில் பார்ப்போம்

கோப்ரா இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு கிலோ காற்றை இழுக்கிறது. வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிஎஸ்ஐக்கு அழுத்தும்போது, ரூட்ஸ் வகையின் சுமாரான திறனுக்கு, அந்தக் காற்று சுமார் 110 டிகிரிக்குப் போய்விடும். அதை 60 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால் 50 டிகிரி வித்தியாசத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 17 கிலோவாட் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், அடுத்த கணக்கு இதிலிருந்துதான் பிறக்கிறது. 4 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 17 கிலோஜூல் வேண்டும். ஆக, இன்டர்கூலர் தண்ணீர்ச் சுற்றில் 4 லிட்டர் மட்டும் இருந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றுமே செய்யவில்லை என்றால், முழு மிதியில் விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். கால் மைல் ஓடி முடிப்பதற்குள் 12 டிகிரி. டேங்க்கைப் பெரிதாக்கி 8 லிட்டர் ஆக்கினால் அது 6 டிகிரி. கால் மைல்காரருக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

அதே 8 லிட்டரோடு 20 நிமிடம் சர்க்யூட் ஓட்டுங்கள். அங்கே முழு நேரமும் முழு மிதி இல்லை, திருப்பங்களில் கால் எடுக்கிறோம், ஆகவே சராசரி பாதி, 8 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் கொள்ளளவு இரண்டே சுற்றுக்குள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் காரைக் காப்பாற்றுவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றுதான். டேங்க் என்பது கையிருப்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது வருமானம். நீண்ட நாள் செலவை எதை நம்பிச் செய்வோம் என்று யோசித்தால் போதும்.

இந்த வெப்பம் வெறும் எண் இல்லை. கோப்ராவில் இன்டர்கூலருக்குப் பிறகு காற்றின் சூட்டை அளக்கும் ஒரு சென்சார் இருக்கிறது, ஐஏடி2 என்பார்கள். அந்த எண் ஏறினால் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். மூன்றாவது சுற்றில் கார் மந்தமாகிவிட்டது என்று பலர் சொல்வது இதைத்தான்.

வாங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்

எல்லாரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் பம்ப், இல்லையென்றால் சுற்றுக்குள் மாட்டிய காற்று. கண்டுபிடிக்க மூன்று எண்கள் தேவை: ஐஏடி2, இன்டர்கூலருக்குள் போகும் தண்ணீரின் சூடு, வெளியே வரும் தண்ணீரின் சூடு. முதலாவதை, ஃபோர்டின் எண்களையும் படிக்கும் ஓபிடி ரீடர் (காரின் சாக்கெட்டில் செருகும் கருவி) காட்டிவிடும். மற்ற இரண்டுக்கு ஹோஸில் பொருத்தும் சென்சார் வாங்கலாம். அது இல்லாவிட்டால் உலோகக் குழாய் தெரியும் இடத்தில் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) தொட வைத்து, மேலே ஃபோம் சுற்றி, டேப் போட்டு இறுக்குங்கள். ரப்பர் ஹோஸின் மேல் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டி எடுக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது ரப்பரின் சூடு.

இப்போது படிப்பது எளிது. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் முழு மிதியில் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், தண்ணீர் போதிய வேகத்தில் ஓடவில்லை. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் 17 கிலோவாட்டுக்கு 12 டிகிரிதான் ஏற வேண்டும். வித்தியாசம் சின்னதாக இருந்து, இரண்டுமே வெளிக்காற்றைவிட 20, 25 டிகிரி மேலே நின்றால், தண்ணீர் நன்றாக ஓடுகிறது, வெப்பம்தான் முன்பக்கத்தில் வெளியேறவில்லை: அப்போதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் காசு போட வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக, நல்ல ஓட்டத்தோடு இருந்தும் ஐஏடி2 மட்டும் எகிறினால், இன்டர்கூலரின் கோர் (வெப்பம் கைமாறும் நடுப்பகுதி) அழுக்கேறியிருக்கிறது அல்லது காற்று அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நழுவுகிறது. முன்னால் எவ்வளவு பெரிய சாமான் மாட்டினாலும் அது சரியாகாது.

பம்ப் சோதனைக்கு ஒரு கேலன் பால் கேனும் கைக்கடிகாரமும் போதும். டேங்க்குக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றிக் கேனுக்குள் விடுங்கள். இக்னிஷனை ஆன் செய்து பம்பை ஓட விடுங்கள், இன்ஜின் வேண்டாம். டேங்க் வறண்டு பம்ப் காற்றை இழுக்காதபடி இன்னொருவர் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கேலன் 3.8 லிட்டர். அது 11, 12 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடுகிறது, பம்பைத் தொட வேண்டாம். 25 விநாடி ஆனால் பம்ப் களைத்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு ஹோஸ் வளைவில் மடங்கியிருக்கிறது. பம்பின் கனெக்டரில் வோல்டேஜையும் பாருங்கள். இருபது வருடக் காரின் வயரிங்கில் ஒன்றிரண்டு வோல்ட் வழியிலேயே தொலைவது சாதாரணம். பேட்டரியிலிருந்து ரிலே, ஃபியூஸ் போட்டு நல்ல தடிமனான வயர் இழுத்தால் பழைய பம்பே புதிதுபோல் ஓடும்.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் பம்ப் ஓட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தடையே இல்லாமல் அளந்தது. உங்கள் காரில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், இன்டர்கூலர், அத்தனை வளைவுகள் எல்லாம் சேர்ந்து அதில் பாதியைக்கூட விழுங்கலாம். கேன் காட்டும் எண்தான் உண்மை.

ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் தேர்ந்தெடுப்பது

முதல் விதி, முகப்பரப்பு. காற்று நேராக வந்து மோதும் பரப்பு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதுதான் தடிமனைவிட முக்கியம். தடிமனைக் கூட்டினால் பின்பாதிக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போய்ச் சேரும். அது மட்டுமில்லை, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் பின்னால் இன்ஜின் ரேடியேட்டர். முன்னால் நான்கு அங்குலத் தடிமனில் ஒரு சுவரைக் கட்டினால், ஐஏடி2 இறங்கும், இன்ஜின் கூலன்ட் ஏறும். டெக்சாஸ் ஆகஸ்டில் அது மோசமான பேரம். டேப் எடுத்து, பம்பரைக் கழற்றி, கிரில் திறப்பு எங்கே இருக்கிறது என்று அளந்து, அந்தத் திறப்பை முழுக்க மறைக்கும் அகலத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பக்கமான தடிமனைத் தேடுங்கள். திறப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோர் பெரும்பாலும் எடைதான்.

பெரிதாக வாங்கினால் எவ்வளவு லாபம்? ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் அரை கிலோவாட் வெளியேற்றும் என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோவாட்டை வெளியேற்ற அதற்கு 16 டிகிரி வித்தியாசம் வேண்டும். 35 டிகிரி வெயிலில் தண்ணீர் 51 டிகிரியில் போய் நிற்கும். அரைக்குப் பதில் 0.8 கிலோவாட் வெளியேற்றும் பெரிய ஒன்றைப் போட்டால் 10 டிகிரி போதும், தண்ணீர் 45இல் நிற்கும். ஆக லாபம் 6 டிகிரி. சர்க்யூட்காரருக்கு இந்த 6 டிகிரி ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது, காசு தகும். கால் மைல்காரருக்கு முதல் 12 விநாடிக்குள் இந்த வித்தியாசம் கண்ணில்கூடப் படாது. அவருக்கு அது உதவுவது இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் தண்ணீர் சீக்கிரம் ஆறுவதில்தான். அதற்கும் கார் நின்றுகொண்டிருக்கும்போது காற்று வேண்டும். ஆகவே என்னிஸ் ஊரில் இருக்கும் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸில் வரிசையில் நிற்கும் ஆளுக்கு நான் சொல்வது, ஃபேன் வைத்த ஹீட் எக்ஸ்சேஞ்சரை வாங்குங்கள் என்றுதான். கிரெசனில் இருக்கும் மோட்டார்ஸ்போர்ட் ராஞ்ச் சர்க்யூட்டுக்குப் போகிறவருக்கு ஃபேன் வேண்டியதே இல்லை. வேகத்தில் ஃபேனின் சட்டகம் காற்றுக்குத் தடைதான்.

அடுத்தது, தண்ணீர் கோரை ஒரு தடவை கடக்கிறதா, இரண்டு தடவையா என்பது. இரட்டைப் பாஸ் வகையில் தண்ணீர் ஒரு பாதியில் போய் மறு பாதியில் திரும்பி வரும். டியூபுக்குள் வேகம் கூடுவதால் வெப்பம் நன்றாகப் பிரியும். கோப்ராவுக்கு ஆஃப்கோ கம்பெனி செய்வது இந்த வகை. போல்ட் அளவெல்லாம் பொருந்தி வருவதால் பலர் அதற்குப் போகிறார்கள். ஆனால் பாதி டியூபில் இரு மடங்கு வேகத்தில் இரு மடங்கு தூரம் ஓட வேண்டும் என்பதால் தடை பல மடங்கு ஏறும். களைத்த பம்போடு இரட்டைப் பாஸைச் சேர்த்தால் கையில் இருந்த ஓட்டமும் போய்விடும். கேன் சோதனையில் தேறாதவர் இரண்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

கோர் கட்டிய விதத்தில் பார்-அண்ட்-பிளேட்டா (கனமான பட்டையும் தகடும் அடுக்கியது), டியூப்-அண்ட்-ஃபின்னா (மெல்லிய டியூபும் இதழ்களும்) என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய. என் தேர்வு இந்த இடத்துக்கு டியூப்-அண்ட்-ஃபின். எடை குறைவு, காற்று எளிதாக ஊடுருவும், பின்னால் இருக்கும் ரேடியேட்டர் பட்டினி கிடக்காது. கல் அடிக்கும் சாலையில் தினம் ஓட்டுகிறீர்கள் என்றால் பார்-அண்ட்-பிளேட் தாங்கும், அதற்குச் சரி.

எதை வாங்கினாலும் ஓரங்களை அடைக்காமல் விடாதீர்கள். காற்று தடை குறைந்த வழியைத்தான் தேடும். கோருக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து இருந்தால் அதன் வழியாகவே ஓடிவிடும். மூடிய செல் ஃபோம் பட்டையும் மெல்லிய அலுமினியத் தகடும் வைத்து, கிரிலிலிருந்து கோர்வரை பக்கச்சுவர் கட்டுங்கள். ஒரு சனிக்கிழமை வேலை, இருபது முப்பது டாலர் செலவு. இதைச் செய்யாமல் 600 டாலர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

புதுச் சாமானை அப்படியே மாட்டிவிடவும் கூடாது. உள்ளே வெல்டிங் பொடி, அலுமினியத் துருவல் கிடக்கும். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் மினுக்கும் துகள் வராத வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அந்தத் துகள்தான் பம்பின் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தின்பது.

ஐஸ் போடுகிறவர்களுக்கு

கால் மைல்காரர்கள் டேங்க்கில் ஐஸ் போடுவதில் நல்ல அறிவு இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகவே 334 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். 4 லிட்டர் தண்ணீர் 20 டிகிரி ஏறுவதற்குத் தேவையான வெப்பமும் அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தலைகீழாக வேலை செய்யும், டெக்சாஸ் வெயிலை உள்ளே இழுத்து உங்கள் ஐஸை உருக்கும். ஆகவே ஐஸ் ஓட்டத்துக்கு ஒரு பைபாஸ் வால்வு வைத்து ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சுற்றிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கூலன்ட்

இன்ஜின் கூலன்ட்டுக்கு மூன்று வேலை: கொதிக்கக் கூடாது, உறையக் கூடாது, அரிக்கக் கூடாது. இன்டர்கூலர் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினாலே அது நோய்; 100 என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே முதல் வேலை அடிபட்டுப் போகிறது. கொதிநிலையைப் பெருமையாகச் சொல்லி விற்கும் தண்ணீரில்லாத கூலன்ட் இந்தச் சுற்றுக்கு வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். நமக்குத் தேவையில்லாத குணத்துக்குக் காசு கொடுத்து, தேவையான குணத்தை இழக்கிறோம்.

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச மலிவாக எதுவும் இல்லை. பாதிக்குப் பாதி கிளைகால் (கூலன்ட்டில் இருக்கும் உறைதடுப்புப் பொருள்) கலந்தால் லிட்டருக்குச் சுமக்கும் வெப்பம் சுமார் 15 சதவீதம் குறையும். 40 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு வெறும் தண்ணீரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், ஆகவே பம்பும் திணறும். வெப்பம் கடத்தும் திறனும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

அப்படியென்றால் வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதுமே? போதாது. இன்டர்கூலர் அலுமினியம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் அலுமினியம், நடுவில் பித்தளை ஃபிட்டிங். தடுப்பு மருந்து இல்லாத தண்ணீரில் இவை ஒன்றையொன்று அரிக்கும். வெள்ளைச் சேறு டேங்க்கின் அடியில் தெரிந்தால் அது அலுமினியம் கரைந்து வந்தது. குழாய்த் தண்ணீர் இன்னும் மோசம், உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தே வரும்.

அப்புறம் உறைபனி. "டெக்சாஸில் எங்கே உறையுது" என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர் இது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரிக்குப் போனது. கரன்ட்டும் இல்லை, கராஜுக்குள்ளேயே உறைந்தது. 25 சதவீதம் கிளைகால் மைனஸ் 12 வரை தாங்கும், மூன்றில் ஒரு பங்கு மைனஸ் 18, பாதிக்குப் பாதி மைனஸ் 37. ஹீட் எக்ஸ்சேஞ்சர் உறைந்து பிளந்தால் தரையில் ஒழுகும், பார்த்துவிடலாம். இன்டர்கூலர் பிளந்தால் தண்ணீர் நேராக இன்டேக்கில் இறங்கும், அங்கிருந்து சிலிண்டருக்குள். தண்ணீர் நிறைந்த சிலிண்டரைச் சுற்ற முயன்றால் கனெக்டிங் ராட் வளையும். இந்த ஒரு காரணத்துக்காகவே குளிர்காலத்தில் வெறும் தண்ணீரோடு காரை நிறுத்தாதீர்கள். உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யாமல், முதலில் சுற்றை லேசான காற்றழுத்தத்தில் வைத்து பிரஷர் கேஜின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

நான் செய்வது இதுதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட். அதற்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு நீர்த்துவிடும். நவம்பரில் பாதிக்குப் பாதி, ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் உறைநிலை காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைப் போடுவேன். சர்க்யூட்டுக்கே வாழும் கார் என்றால் கோடையில் டிஸ்டில்டு வாட்டரோடு வாட்டர் வெட்டர் போன்ற அரிப்புத் தடுப்பு சேர்ந்த கலவை போதும். சில பந்தய அமைப்புகள் கிளைகாலை அனுமதிப்பதே இல்லை, தார்மேல் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காயாது. வாட்டர் வெட்டர் பாட்டில் ஒரு முழு ரேடியேட்டர் சுற்றுக்கு அளந்தது. நம் சுற்றில் இருப்பதோ சில லிட்டர்தான், லேபிளைப் பார்த்து விகிதத்தில் ஊற்றுங்கள்.

கூலன்ட்டின் நிறத்தை நம்பி வகையை முடிவு செய்ய வேண்டாம். ஒரே ஆரஞ்சில் இரண்டு கம்பெனி இரண்டு வேறு ரசாயனம் விற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய கார் வாங்கியிருந்தால், மேலே ஊற்றாமல் முழுக்க வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வடித்ததைப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். எதிலீன் கிளைகால் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப் போகும்.

நிரப்புவது

சுற்றில் டேங்க்தான் மேலே, பம்ப் அதைவிடக் கீழே, டேங்க்கிலிருந்து நேராகப் பம்புக்கு இறங்கும் ஹோஸ் நேராகவும் மடங்காமலும் இருக்க வேண்டும். பம்புக்குப் பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சர், அங்கிருந்து இன்டர்கூலர், திரும்ப டேங்க். குளிர்ந்த தண்ணீர் நேராக இன்டர்கூலருக்குப் போவதற்காக இந்த வரிசை. இரண்டு ஃபிட்டிங் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தால், கீழே உள்ளே, மேலே வெளியே; காற்று தானாக ஏறி வெளியேறிவிடும்.

காரின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், மூடி இருக்கும் வாய்தான் சுற்றிலேயே உயரமான இடமாக இருக்க வேண்டும். மெதுவாக நிரப்பி, பம்பை பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி நிரப்புங்கள். ஹோஸ்களைக் கையால் பிசையுங்கள். டேங்க்கில் திரும்பி விழும் தண்ணீரை டார்ச் அடித்துப் பாருங்கள்: முதலில் பால்போல் வெளுத்து வரும், அப்புறம் பெரிய குமிழிகளாக உடையும், கடைசியில் கண்ணாடிபோல் தெளிந்து ஒரே சீராக விழும். பம்பின் சத்தமும் அதற்கேற்ப மாறும், கரகரப்பு போய் மெல்லிய முணுமுணுப்பாகும். ஒரு நாள் ஓட்டிவிட்டு, ஆறியபின் மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்புங்கள். பிறகு முன்பு அளந்த அதே சாலையில், அதே மாதிரி வெயிலில், மூன்று எண்களையும் திரும்ப எடுத்துப் பழைய தாளோடு வைத்துப் பாருங்கள்.